எத்தனை பேர் என்று எழுதப்போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னியின் பிரதேச செயலகங்களில் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் கிராம அலுவலர்களுக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும்,

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

போன கிழமை உங்களில் ஒருவர் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "ஐயா, வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்டார். "ரெண்டு பேர்" என்றேன். போனில் எதையோ தட்டிவிட்டுப் போய்விட்டார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அவரில் பிழை சொல்ல வரவில்லை, வெயில் அப்படி. ஆனால் அந்த ஒரு கேள்வியை முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களிடம் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். அவர் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இந்த மடல். மகள் தட்டச்சு செய்து தருகிறாள். இடையில் அழகான வசனம் ஏதும் வந்தால் அது அவளுடையது.

1978 இல் முள்ளியவளைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தேன், பிறகு முகாமையாளர். சனத்துக்கு நான் 'மனேச்சர்'. நிவாரண அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் எங்கள் தராசில்தான் நிறுக்கப்பட்டன. அந்தத் தராசுக்குப் பின்னால் நின்று பார்த்தவனுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். பசி வந்தால் சண்டை வரும் என்பார்கள், சண்டை வந்தால் பசி வரும் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கடதாசி இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிய கடதாசி. அதை எழுதியது நீங்கள் இன்று இருக்கும் கதிரை.

நான் பிறக்க இரண்டு வருடம் முன்பு, 1953 ஓகஸ்ட் 12 இல், இந்த நாட்டில் ஒரு பெரிய ஹர்த்தால் நடந்தது. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதுதான் காரணம். பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். அப்பா இதைச் சொல்லும்போது கடைசியில் ஒரு சிரிப்புச் சிரிப்பார்: "அரிசியிலை கை வைச்சவன் இருந்ததில்லை." அவர் சொன்னது கொழும்புக்குப் பொருந்தும். 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்து, நவம்பரில் திரும்பப் பெற்று, அடுத்த வருடம் ஜூலை 9 இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்ததை நீங்களே பார்த்தீர்கள். எங்கள் பக்கத்தில் கதை வேறு. எங்களுடைய அரிசியில் கை வைத்தவர்கள் கனகாலம் இருந்தார்கள்.

உரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2021 இல் யூரியா இல்லாமல் நெல் மஞ்சளாகிப்போனது என்று தெற்கில் விவசாயிகள் தொலைக்காட்சியில் அழுதபோது, எங்கள் ஊர் வயதானவர்கள் அதிகம் பேசவில்லை. எங்களுக்கு அது 1990 இலேயே வந்துவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கத்துக்கு யூரியா வந்தால் வெடிமருந்துக்குப் போகும் என்று அரசாங்கத்தின் தடை. பற்றரி, மண்ணெண்ணெய், சீமெந்து, சவர்க்காரம் என்று பட்டியல் நீண்டது. யூரியாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. விளைச்சல் விழும். அரிசி விற்ற ஊர் அரிசி வாங்கும் ஊராகும். டீசல் இல்லாமல் உழவு இயந்திரம் நிற்கும், நெல்லிருந்தாலும் ஆலை ஓடாது. சங்கக்கடைக்கு முன்னால் வரிசை நீளும். எனக்கு முன்னால் குடும்ப அட்டையை நீட்டி நின்றவர்களில் பாதிப் பேர், பத்து வருடத்துக்கு முன் எங்கள் சங்கத்துக்கே நெல் விற்றவர்கள். கண்ணைப் பார்க்காமல் நிறுக்கப் பழகிக்கொண்டேன்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அந்த முழுக் காலத்திலும் அரசாங்கம் வன்னிக்கு உணவு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மாவட்ட நிர்வாகத்தைப் பார்க்கும் அரச அதிபர் இருந்தார், ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது, லொறி வந்தது. வெளிநாட்டுக்காரர் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். ஒரு பக்கம் குண்டு, ஒரு பக்கம் பருப்பு. அதனால்தான் எங்களுடைய பசியை முற்றுகை என்று யாரும் எளிதில் சொல்லவில்லை. கதவை யாரும் முழுதாகப் பூட்டவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினார்கள். எவ்வளவு சாத்துவது என்பதைப் பட்டியல்தான் சொன்னது. 1995 இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து, அதில் பெருந்தொகையானவர்கள் வன்னிக்குள் வந்தார்கள். பிறகு ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை. சனம் கூடியது, எங்கள் கடைக்கு வந்த பட்டியல் குறைந்தது. மேலே யாரோ ஒருவர், ஒரு மேசையில் இருந்து, 'இவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள்' என்று நினைத்திருக்கிறார்.

பட்டியலில் இல்லாதவர்கள் எப்போதும் இருந்தார்கள். 1974 இல் மலைநாட்டுத் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது பட்டினியோடு இங்கே வந்தவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு அடியோடு பிடுங்கப்பட்டு வந்தவர்கள். பசி ஒரு முறை, கலவரம் ஒரு முறை என்று இரண்டாலும் துரத்தப்பட்ட சனம். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை, காணிக்கு உறுதி இல்லை. எங்கள் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டார்கள். எங்கள் ஊர் கூட்டத்தில் 'அவையளையும் சேர்த்தால் எங்கட பங்கு குறையும்' என்று சொன்னவர்கள் எனக்குச் சொந்தக்காரர். நான் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.

1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் குடும்பங்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதக் கணக்குக்காக அவர்கள் கடையில் தந்துவிட்டிருந்த குடும்ப அட்டைகள் சில என் மேசை லாச்சியில் கிடந்தன. ஆட்கள் இல்லை, அட்டை இருந்தது. ஒரு நானா, போவதற்கு முதல் நாள்தான் சீனி கூட வேண்டும் என்று என்னோடு சண்டை பிடித்தவர், அவருடைய அட்டை மேலே இருந்தது. அடுத்த மாதம் அந்தப் பெயர்களைச் சிவப்பு மையால் வெட்டி மேலிடத்துக்கு அனுப்பினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு ஊரின் பாதியை வெட்டிய கடதாசி எவ்வித கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை நான் பிற்காலத்தில்தான் யோசித்தேன், எங்களை வெட்டியபோது.

அந்தக் கதைக்கு வருகிறேன்.

கடைசி யுத்தம் நெருங்கிய 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். கிளிநொச்சியில் சனம் அவர்களுடைய அலுவலக வாசலில் நின்று போகவேண்டாம் என்று கெஞ்சியது. போனார்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதினொரு தடவை லொறித் தொடர் வந்தது. ஜனவரியில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது, முல்லைத்தீவு விழுந்தது. அதற்குப் பிறகு கடல் வழியாக வந்ததுதான். மே முற்பகுதியோடு அதுவும் நின்றது.

இப்போது எண்ணைக் கவனியுங்கள். 2009 பெப்ரவரியில் உள்ளே இருந்த அரச அதிகாரிகள், உங்களைப் போன்றவர்கள்தான், சுமார் 3,30,000 பேர் என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பு சொன்னது 70,000. ஏப்ரல் கடைசியில் அரசாங்கம் பத்தாயிரம் பேரளவில்தான் மிச்சம் என்றது, ஐ.நா.வின் கையில் இருந்த கணக்கோ 1,27,177. எல்லாம் முடிந்த பிறகு முகாம்களில் எண்ணியபோது ஏறத்தாழ 2,90,000 பேர் நின்றார்கள். 70,000 என்ற எண்ணுக்குள் அவ்வளவு பேரும் எப்படி இருந்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை.

நான் சங்கக்கடைக்காரன், வகுத்துப் பார்க்காமல் இருக்கமுடியாது. 3,30,000 பேர் இருக்கும் இடத்துக்கு 70,000 பேரின் உணவு என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒருவருடைய சோறு. அந்த ஒரு சோற்றைத் தாய் யாருக்குப் போடுவாள் என்பதை எந்தக் காரியாலயமும் தீர்மானிக்கவில்லை, தாய்தான் தீர்மானித்தாள். மருந்துக்கும் அதே எண்தான். யாரையும் பட்டினி போடு என்று எழுத்தில் ஒரு கட்டளை தேவைப்படவில்லை. ஆட்களின் தொகையைக் குறைத்து எழுதினால் போதும், மிச்சத்தைக் கழித்தல் கணக்கே செய்துவிடும்.

சனம் ஒடுங்கிப்போய் நின்ற மாத்தளன் கரையில் எனக்குத் தராசு இல்லை. தராசு உடையார்கட்டு ஊரோடு போயிற்று. ஒரு ரின்பால் பேணியை வைத்து அளந்தோம், சுண்டு என்போமே, அது. சுண்டில் அரிசியைக் கும்பலாக அள்ளினால் ஒரு கணக்கு, விரலால் தலை தட்டினால் இன்னொரு கணக்கு. என் விரலைப் பார்த்துக்கொண்டு நூறு கண்கள் நிற்கும். நான் தட்டும்போது சிந்துகிற மணிகளைப் பொறுக்க சின்னப் பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே படுத்திருப்பார்கள். வரிசையில் ஒன்றாகப் படித்தவர்கள், சம்பந்தி முறையானவர்கள், ஆளை ஆள் அடித்தார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் என் பேணிக்குள் கை விட்டுப் பார்த்தார், அடியை நசுக்கி வைத்திருக்கிறேனா என்று. கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

2009 ஏப்ரல் 8, அம்பலவன்பொக்கணை. பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் ஷெல்லடியில் செத்தார்கள். 2011 இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இதை எழுதியிருக்கிறது. செத்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்தது என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் உத்தியோகத்தில் நீங்கள் கொடுக்கும் ஒரு அட்டை எவ்வளவு கனமானது என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

சரி, எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. விடுதலைப் புலிகள் சனத்தை வெளியே போகவிடவில்லை. போக முயன்றவர்கள் மீது சுட்டார்கள். சனத்துக்கு என்று வந்த உணவில் ஒரு பங்கு துவக்கு வைத்திருந்தவர்களுக்குப் போனது. இரவில் உழவு இயந்திரம் வரும், பத்துச் சாக்கு ஏறும், நான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பத்துச் சாக்கை மறைக்க இல்லாத குடும்பங்களின் பெயரை நான் எழுதினேன். செத்தவர்களின் பெயரையும் எழுதினேன். கொழும்பில் இருந்தவர் 'இவங்கள் கூட்டி எழுதுறாங்கள்' என்று சொன்னபோது முழுக்கப் பொய் சொல்லவில்லை, அவருக்கு அந்தச் சாட்டைக் கொடுத்ததில் என் பேனையும் உண்டு. ஆனால் பத்துச் சாக்குக் கள்ளக் கணக்குக்கும் இரண்டரை லட்சம் மனிதர்களை அழித்து எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரணைப்பாலையில் இருந்தபோது ஒரு மனிசி வந்தா. அட்டையில் ஐந்து பெயர். மூத்தவனைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம், செய்தி இல்லை. சட்டப்படி நான் அந்தப் பெயரை வெட்டி நாலாக்க வேண்டும். பேனையை எடுத்தேன். "மனேச்சர் அண்ணை, சாமான் நாலு பேருக்கே தாங்கோ. பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ" என்றா. பின்னால் வரிசை கத்துகிறது. நான் வெட்டினேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, அரிசியை வாங்கிக்கொண்டு போனா. இரண்டு மாதத்துக்குள் என் வீட்டிலும் அதே நடந்தது.

இப்போது உலகத்தில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது என்று மகள் காட்டினாள். 2018 மே 24 இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2417 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கிறது. சண்டைக்கும் பசிக்கும் உள்ள தொடர்பை ஒப்புக்கொண்டு, சனத்தைப் பட்டினி போடுவதை யுத்த முறையாகப் பாவிப்பதைக் கண்டித்திருக்கிறது. 2019 இல் உள்நாட்டு யுத்தத்தில் பட்டினி போடுவதையும் போர்க் குற்றமாக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டத்தில் சேர்த்தார்கள், இலங்கை அதில் சேரவில்லை. பஞ்சம் என்று அறிவிக்கவும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஐந்தில் ஒரு வீடு உணவே இல்லாத நிலைக்கு வரவேண்டும், நூறு பிள்ளைகளில் முப்பது பேர் கடுமையாக மெலிந்திருக்கவேண்டும், பத்தாயிரம் பேரில் ஒரு நாளைக்கு இரண்டு பேர் சாகவேண்டும். சூடானில் சம்சம் முகாமுக்கு 2024 இலும், காசா நகரப் பகுதிக்கு 2025 இலும் அப்படி அளந்து அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அளப்பதற்கு ஒருவர் உள்ளே நிற்கவேண்டும். எங்களுக்குள்ளே அளக்கிறவர்களை 2008 இலேயே அனுப்பிவிட்டார்கள். அதனால் வன்னியில் பஞ்சம் நடந்ததாக எந்த ஏட்டிலும் இல்லை. அங்கே பிள்ளைகள் எவ்வளவு மெலிந்தார்கள் என்று சொல்ல எல்லோரும் ஏற்கும் இலக்கம் இல்லை. என் அம்மா எதனால் செத்தா என்று கேட்டால் 'வயசு' என்றுதான் நானும் எழுதினேன். அவ கடைசி இருபது நாளும் தன் பங்குக் கஞ்சியைப் பேத்திக்கு ஊற்றினா. பேத்திதான் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

யுத்தம் முடிந்தால் இது முடிந்துவிட்டதா? 2018 டிசம்பரில், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறக்கவைத்த மழையில் எங்கள் பக்கமும் வெள்ளம் வந்தபோது, நிவாரணப் பட்டியலால் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு இன்றுவரை கதைப்பதில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றது, மற்ற வீட்டில் நிற்கவில்லை, பெயர் மாறி எழுதப்பட்டது. அவ்வளவுதான். 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி வந்தபோது மின்சாரப் பட்டியலைப் பார்த்து ஒரு விதவையை வசதிக்காரியாக்கினார்கள். பக்கத்து வீட்டுக்கும் கறண்ட் கொடுத்தவ. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்ற இழுபறியில் அண்ணன் தம்பிக்குள்ளேயே பிரிவு வந்தது. அதுவும் அடியில் ஒரு எண்தான்: சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று யார் சொல்வதை நம்புவது. பிறகு ஒவ்வொரு மே மாதமும், யுத்தத்தின் கடைசி நாட்களை நினைத்து, அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் போட்டுக் காய்ச்சும் கஞ்சி. 2024 இல் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நான்கு பேரைக் கைது செய்தார்கள். பசியை ஞாபகப்படுத்துவதும் ஒரு கலவரமாகத் தெரிகிறது போலும்.

பிள்ளைகள், நான் உங்களிடம் கேட்பது பெரிய விசயம் இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்துங்கள், இறங்கி முற்றத்துக்குள் வாருங்கள். அடுப்பைப் பார்த்தால் போன் கேட்காத பாதிக் கேள்விக்கு விடை கிடைக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் ஒரு பெயரையும் வெட்டாதீர்கள். நீங்கள் எடுத்த தொகையை வாசிகசாலைச் சுவரிலோ சங்கக்கடைச் சுவரிலோ ஒட்டுங்கள். பிழை என்றால் சனம் உங்களைத்தான் ஏசும், ஏசட்டும், இரண்டு வீடு பகைப்பதைவிட அது நல்லது. உங்களுக்கு மேலே இருப்பவர் எண்ணை மாற்றினால், நீங்கள் எழுதிய எண்ணின் பிரதியைத் திகதியோடு, கையெழுத்தோடு வைத்திருங்கள். 2009 இல் 3,30,000 என்று எழுதியவர்களை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதிவைத்ததால்தான் இன்று 70,000 பொய் என்று சொல்ல முடிகிறது. அப்புறம், என்னைப்போல் இல்லாத பெயரை எழுதாதீர்கள். எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும்.

மே மாதத்தில் வட்டுவாகலால் வந்து, பஸ்ஸில் ஏற்றி, மெனிக் பாம் முகாமில் இறக்கினார்கள். பதிவு மேசையில் உங்கள் வயதில் ஒரு பொடியன். "எத்தனை பேர்?" முள்ளியவளையில் இருந்து வெளிக்கிட்டபோது நாங்கள் ஆறு பேர். நான் "நாலு" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனிசி "அஞ்சு" என்றா. பொடியன் எங்கள் இருவரையும் பார்த்தான், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தான். பிறகு ஐந்து பெயரையும் எழுதினான். மூத்தவன் பெயருக்கு நேரே, குறிப்பு எழுதும் கட்டத்தில், 'தேடப்படுகிறார்' என்று எழுதினான். சாமான் நாலு பேருக்குத்தான் வந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கக்கடை முகாமையாளர் ஒருவர்,
முள்ளியவளை.